ஞானத்தின் லேஸில் பட்ட குங்குமம்

என் ஞானத்துக்கு,

உன் மைனி எழுதுகிறேன். கல்லறைத் திருநாள் முடிந்துவிட்டது. உன் கல்லைக் கழுவி, வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டோம். மெழுகுவர்த்திதான் நிற்கவில்லை. கரிசல் காட்டுப் பக்கமிருந்து மழைக்காற்று அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். உன் அண்ணன் கல்லில் ஏற்றியது மட்டும் அணையாமல் எரிந்தது. அவர் என்றைக்கு எதற்கு அசைந்து கொடுத்தார்?

பங்கு இதழுக்கு, இறந்துபோன ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வரவில்லை. உனக்கு என்றால் வருகிறது. ஊரெல்லாம் படிக்குமே என்று முகத்தைச் சுளிப்பாய். சுளித்துக்கொள். உன்னிடம் சொல்லியாக வேண்டிய ஒரு காரியம் என் நெஞ்சில் கிடக்கிறது.

உன் லேஸில் குங்குமம் பட்டுவிட்டது, ஞானம்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும், மற்றவர்களும் படிக்கிறார்களே.

நாம் இருவரும் கான்வென்ட் விடுதியில் ஒரே வகுப்பு. மாலையில் லேஸ் அறையில் அடுத்தடுத்த பெஞ்சு. உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நான் சங்கரன்கோவிலுக்கு வந்தேன். பின்னால் நீயும் இதே ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாய். அதுவரை என்னை ‘ஏட்டி ரெஜினா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், என் கல்யாணத்தன்று காலையில் ‘மைனி’ என்றாய். யாரைக் கூப்பிடுகிறாய் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அன்றிலிருந்து சாகும் வரைக்கும் அந்த மரியாதையை நீ விடவே இல்லை. கேலி செய்யும்போதுகூட மைனி என்றுதான் கேலி செய்தாய்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் லேஸ் பின்னுவதை விட்டுவிட்டேன். நீ பின்னியதைப் பார்த்துக் குறை சொல்வதை மட்டும் விடவில்லை. “ஒங்க கண்ணு லேஸு பாக்கவா இருக்கு மைனி? குத்தம் பாக்கல்லா இருக்கு” என்பாய். ஆனாலும் நான் கை வைத்துக் காட்டிய இடத்தைப் பிரித்துத் திரும்பப் பின்னுவாய். முணுமுணுத்துக்கொண்டே பின்னுவாய்.

பிள்ளைகளின் ஞானஸ்நானத் தொப்பி, பீடத்துத் துணியின் ஓரம், சவப்பெட்டிக்குள் விரிக்கிற வெள்ளைத் துணியின் ஓரம். இந்தப் பங்கில் எத்தனையோ பேர் உன் லேஸோடு வந்து உன் லேஸோடு போயிருக்கிறார்கள். உன் அண்ணனும் அப்படித்தான் போனார். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மாலையே உன்னிடம் கேட்டேன். எனக்கும் நீதான் பின்ன வேண்டும், மூன்று விரல் அகலம், பூ வேண்டாம், இலை மட்டும் போதும் என்றேன்.

“இப்பமே என்ன அவசரம் மைனி? ஒங்கள எடுத்துக்கிட ஆண்டவரே யோசிப்பாருல்லா” என்றாய்.

வீட்டில் அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தபோது நாம் இருவர் மட்டும் சிரித்துவிட்டோம். உன் மகள் ஸ்டெல்லா நம்மை முறைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த லேஸைத்தான் நீ பின்னிக்கொண்டிருந்தாய். மற்றவர்கள் வேலையெல்லாம் நடுவில் வந்து போக, என்னுடையது ஆடி அசைந்து வளர்ந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. நமக்குள் யார் முந்துவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை, ஞானம். முறைக்கு நான்தான் மூத்தவள், நான்தான் முதலில் என்று நினைத்திருந்தேன்.

போன கோடையில் ஒரு நாள், காலைப் பூசைக்குப் பிறகு, தூக்குச்சட்டியில் ஆப்பம் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. நீ மேசையில் தலை சாய்த்திருந்தாய். லேஸ் தலையணையை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்தக் கோடியில் சாய்ந்திருந்தாய். கண் இருட்டிக்கொண்டு வரும்போது, வேலையின் மேல் விழுந்துவிடக் கூடாது என்று அதைத் தள்ளி வைத்தாயா? அதற்குத் தோன்றிய உனக்கு என்னைக் கூப்பிடத் தோன்றவில்லையா? அடுத்த தெருவில்தானே இருந்தேன்.

இதை உன்னிடம் கேட்காத நாள் இல்லை.

உன் வீட்டில் இப்போது வாடகைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நல்லவர்கள்தான். சன்னலில் பச்சைத் திரை போட்டிருக்கிறார்கள், நீயாக இருந்தால் ஒத்துக்கொள்ளவே மாட்டாய். கோவிலில் உன் இடத்தில் ஒரு பெண் கைப்பையை வைக்கிறாள். அது ஆள் உட்காருகிற இடம் என்று சொல்ல வாய் வரை வந்தது. எந்த ஆள் என்று அவள் கேட்டால் என்ன சொல்வேன்?

வீட்டைக் காலி செய்தபோதுதான் ஸ்டெல்லா அந்தத் தலையணையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். பருத்தி மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கி ஒன்றில் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து அருங்காட்சியகம் வைத்தார்களே, அங்கே கேட்டார்கள். கொடுத்துவிடலாம் அத்தை என்றாள். எனக்கு மனமில்லை. ஆனால் அது அவள் அம்மாவின் சாமான். பாபின்கள் சிக்காமல் துணி சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்து, நான்தான் கொண்டுபோனேன். பள்ளம் வரும்போதெல்லாம் ஓட்டுநரைத் திட்டிக்கொண்டே போனேன்.

லேஸ் தலையணை என்றால் படுக்கிற தலையணை இல்லை. வைக்கோலை இறுக்கித் திணித்த உருளை. அதன் மேல் துளையிட்ட அட்டை. துளைக்கு ஒரு பித்தளை ஊசி, ஊசியைச் சுற்றி நூல். ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு மரக்குச்சி தொங்கும், அதுதான் பாபின். குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டால் நூல் பின்னிக்கொண்டு வரும். முடிந்த பிறகுதான் நூலை வெட்டி லேஸை எடுப்போம். நடுவில் வெட்டினால் அந்த லேஸ் அதோடு சரி. வேறொருத்தி தொடர்ந்து பின்னவும் முடியாது. ஆளுக்கு ஆள் நூலை இழுக்கிற இறுக்கம் வேறு, கை மாறிய இடம் கோடு போட்ட மாதிரித் தெரியும். அதனால்தான் ஒருத்தி தலையணையை இன்னொருத்தி தொடக் கூடாது என்று லேஸ் அறையில் சட்டமே இருந்தது.

அருங்காட்சியகத்தில் இரண்டு அறைகள். முதல் அறையில் ஊரின் சரித்திரம். சந்தையில் பருத்தி நிறுத்த பெரிய தராசு, கைத்தறி ஒன்று, கீதாரிகளின் ஆட்டு மணிகள், தேரோட்டத்தின் பழைய படங்கள். இரண்டாவது அறையில் பாட்டுப்பெட்டி, சுவர்க் கடிகாரம், பீங்கான் தட்டுகள். உன் தலையணையை அந்த இரண்டாவது அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ‘அயல்நாட்டுக் கைவேலை’ என்று ஓர் அட்டை எழுதி வைத்திருந்தார்கள்.

அங்கே பொறுப்பில் இருப்பது பாத்திமா என்ற பெண். கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். பொறுமைசாலி. அவளிடம் கேட்டேன். இதைப் பின்னியவள் பிறந்தது சிவகிரி, செத்தது இந்த ஊர், நூல் ராஜபாளையத்து மில் நூல், இதில் அயல்நாடு எங்கே இருக்கிறது என்று.

“இந்த வேலைய சிஸ்டர்மாருதானேம்மா வெளிநாட்டுலருந்து கொண்டாந்தாங்க?”

“பாட்டுப்பெட்டிக்குப் பக்கத்துல வைக்கிறதுக்கு இது பாட்டுப் பாடுமா?”

“கமிட்டியில சொல்லிப் பாக்குதேம்மா. கோவிச்சுக்கிடாதீய” என்றாள். கமிட்டியில் அவள் சொன்னாளோ இல்லையோ, அட்டை அப்படியே இருந்தது.

ஆயுத பூசை விடுமுறை கழிந்து அருங்காட்சியகத்தை மறுபடி திறந்த அன்று பாத்திமா போன் செய்தாள். ஒரு தப்பு நடந்துவிட்டது, நேரில் வர முடியுமா, போனில் சொன்னால் உங்களுக்கு நெஞ்சு வலிக்கும் என்றாள். நேரில் பார்த்தால் வலிக்காதா என்று கேட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

வலிக்கத்தான் செய்தது. தலையணையின் தலைமாட்டில் சந்தனம், நடுவில் குங்குமம். அதையாவது துடைத்துவிடலாம். இன்னொரு பொட்டு லேஸின் மேலேயே இருந்தது. ஈரச் சந்தனம், அதில் குங்குமம், நூலுக்குள் நன்றாக இறங்கிவிட்டது. வெள்ளை நூல், ஞானம். அந்த நூலைத் தொடுவதற்கு முன்னால் எத்தனை தடவை கை கழுவுவாய் நீ?

காவலுக்கு இருக்கிற வேலாயுதம்தான் செய்தது. முன்பு தறி நெய்தவர். ஆயுத பூசைக்கு முந்தின நாள் இரண்டு அறைகளையும் கழுவி, சாமான்களுக்குப் பொட்டு வைத்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை. ஊரில் எல்லாரும் வைக்கிற நாளில் இவற்றுக்கு வைக்க ஆள் இல்லையே என்று அவராகவே செய்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா திருநெல்வேலியிலிருந்து வந்தாள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நாங்கள் நான்கு பேர். உன் மகள் உள்ளே வரும்போதே கோபத்தோடுதான் வந்தாள்.

“எங்கம்மா ஒரு நாளும் பொட்டு வச்சதில்ல. அவ லேஸுக்குப் பொட்டா? நீங்க பூச பண்ணுங்க, வேண்டாங்கல. எங்க சாமான்ல எதுக்கு?”

“பூச பண்ணல தாயி” என்றார் வேலாயுதம். “மரியாதைக்குத்தான் வச்சேன்.”

“மரியாதைன்னா தொடாம இருக்கணும்.”

“தராசுக்கு வச்சேன், தறிக்கு வச்சேன், ஆட்டு மணிக்குக்கூட வச்சேன். இந்த ரூமுக்கு வந்தா பாட்டுப்பெட்டி, கடியாரம், தட்டு. அதெல்லாம் வேடிக்கச் சாமான், விட்டுட்டேன். தொழில் சாமான் இது ஒண்ணுதான் கெடக்கு. இதுக்கு மட்டும் வைக்காமப் போனா அந்த அம்மா என்ன நெனப்பாக?”

பாத்திமாதான் இடையில் பேசினாள். பழைய துணிகளைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம் மதுரையில் கேட்டிருக்கிறாள். தண்ணீரில் ஊறவைத்தால் கறை பெரும்பாலும் போய்விடுமாம். ஆனால் வைக்கோல் தலையணையோடு நனைக்க முடியாது. பொட்டு விழுந்திருப்பதோ ஊசிகள் நிற்கிற இடத்தில். நூலை வெட்டித்தான் லேஸை எடுக்க வேண்டும்.

“வெட்டி முடிச்சுப்போட இந்த ஊர்ல ஒங்களுக்குத்தாம்மா தெரியும்” என்றாள்.

அது எனக்கும் தெரிந்ததால்தான் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

“வெட்டுங்க அத்தை” என்றாள் ஸ்டெல்லா. கோபம் இறங்கி அவள் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. “வெட்டிக் கழுவி நீங்களே எடுத்துக்கிடுங்க. ஒங்களுக்குன்னுதானே பின்னுனா? பெட்டி முழுக்க வராட்டாலும் மொகத்துப் பக்கமாவது வரும். இங்க கெடந்து என்ன ஆகப்போவுது?”

எனக்கு ஆசை வந்தது, ஞானம். உன் கைவேலை என் முகத்தின் பக்கத்தில் இருக்கும் என்றால் எனக்கு மண்ணுக்குள் போக அவ்வளவு பயம் இருக்காது. அவள் சொன்னது சரிதான் என்று என் மனம் உடனே ஒத்துக்கொண்டது. நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தேன். பாத்திமா கண்ணாடி மூடியை எடுத்தாள்.

உன் இடத்திலிருந்து அந்தத் தலையணையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் எதிரே நின்று குறை சொன்னவள்தானே. கத்தரியை எடுத்துக்கொண்டு எந்த நூலிலிருந்து ஆரம்பிப்பது என்று தேடினேன். இடது பக்கம் ஒரு ஜோடி பாபின் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே கிடந்தது. குறுக்கே போட்டிருக்கிறாய், முறுக்கவில்லை. இன்னும் ஒரு முறுக்கு, ஓர் ஊசி, அந்த இலை முடிந்திருக்கும். என் விரல்களுக்கு அது தெரிந்தது. கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டேன்.

குங்குமம் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது.

“இவ்வளவு பெரிய தலையணையில, இந்த எடத்துல எதுக்கு வச்சீரு?” என்று வேலாயுதத்திடம் கேட்டேன்.

“தறியில எங்கய்யா அப்படித்தாம்மா வைப்பாரு. நெய்து நிப்பாட்டுன எடத்துல. கடைசியாக் கை பட்ட எடம்லா? இதுல எதுன்னு பாத்தேன். ஊசி அத்தோட நிக்கி. அங்கன வச்சேன்.” ஸ்டெல்லா பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, “என்னய வேலைய விட்டு நிப்பாட்டுனாலும் சரிதாம்மா. கழுவி எடுத்துருங்க. அந்தப் புள்ள அழுவுது” என்றார்.

ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தாள். நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

நீ நிறுத்திய இடத்தை நானாகத் தேடிப் போனதில்லை, ஞானம். பார்க்கப் பயந்தேன். வந்தவர்கள் முடிந்த பகுதியைப் பார்த்து அழகு என்றார்கள். உன் மகள் நீளத்தைப் பார்த்தாள். நான் கறையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த மனுஷனுக்கு லேஸ் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் உன் கை எங்கே நின்றது என்று குனிந்து தேடியிருக்கிறார். வெட்டினால் அந்த இடம் இல்லாமல் போகும். நூல் நுனிகளை நான் முடிச்சுப் போட்டு உள்ளே மடித்துத் தைத்துவிடுவேன். நன்றாகவே செய்வேன், ஒருவருக்கும் தெரியாது. உன் கடைசி அசைவு என் முடிச்சுக்குள் போய்விடும்.

கத்தரியைப் பைக்குள் வைத்தேன். இருக்கட்டும் என்றேன்.

“கறையோடயா?” என்றாள் ஸ்டெல்லா.

“கறையோடதான்.”

“அம்மா வேலையில ஒரு புள்ளி தப்புனாக்கூட நீங்கதானே அத்தை பிரிக்கச் சொல்லுவீய?”

“ஆமா. பிரிக்கச் சொன்னா அவ திரும்பப் பின்னுவா. இப்பம் யாரு பின்ன?”

அவளைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பஸ் இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள். உன் மகளை அன்றைக்குப் பட்டினியாக அனுப்பிவிட்டேன், அது எனக்கு வருத்தம்தான்.

வேலாயுதத்தையும் சும்மா விடவில்லை. பித்தளை ஊசிப் பக்கத்தில் ஈரச் சந்தனத்தை வைத்தால் பச்சை பிடிக்கும், இனிமேல் இந்தப் பெட்டியைத் திறந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்றேன். “சரிம்மா, அடுத்த வருசம் கண்ணாடி மேல வச்சுக்கிடுதேன்” என்றார். காய்ந்த சந்தனத்தை மட்டும் மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு, வெயில் படாத பக்கம் நகர்த்தி வைக்கச் சொன்னேன்.

அந்த வாரமே பாத்திமா கமிட்டியில் பேசிவிட்டாள். உன்னை முதல் அறைக்கு மாற்றிவிட்டார்கள், தறிக்கு அந்தப் பக்கம். பழைய அட்டையையும் எடுத்தாயிற்று. புதிதாக என்ன எழுத என்று என்னிடம் கேட்டாள். உன் பெயரும் ஊரும் போதும் என்றேன்.

“முடிவுறாததுன்னு சேத்துக்கிடட்டுமாம்மா?”

வேண்டாம் என்றேன்.

கல்லறைத் திருநாளுக்கு ஸ்டெல்லா வந்தாள். முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் தண்ணீர் ஊற்ற, அவள் உன் கல்லைத் தேய்த்தாள். எழுத்துகளுக்கு இடையில் இருந்த பாசியை நகத்தால் எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

“அப்பம் ஒங்க பெட்டிக்கு நான் என்னத்தப் போட அத்தை?”

“வெறும் வெள்ளத் துணி போதும். கடையில மீட்டர் கணக்குல விக்கிற லேஸ மட்டும் வச்சிராத. எந்திரிச்சு உக்காந்துருவேன்.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் உடைந்தது. ஈரக் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சத்தமே வராமல் அழுகிறாள், உன்னை மாதிரி. நான் அவளை அழாதே என்று சொல்லவில்லை. எனக்கும் சொல்ல யாரும் இல்லை.

நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை, ஞானம். உனக்காகச் செய்தேனா? அல்லது உன் வேலை நின்றுவிட்டது என்று ஒத்துக்கொள்ள மனம் வராமல், எனக்காகச் செய்தேனா? கறை பட்ட லேஸை ஊர் பார்க்க வைத்துவிட்டாளே மைனி என்று நீ தலையில் அடித்துக்கொள்கிறாயா? அல்லது, இவளும் ஒரு நாள் குற்றம் பார்க்காமல் விட்டாளே என்று சிரிக்கிறாயா? நீ சிரிக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் தூங்கப் போகிறேன். காலையில் எழுந்தால் மறுபடியும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கும் வரை உன் நூலில் கத்தரி படாது. எனக்குப் பிறகும் படக் கூடாது என்று பாத்திமாவிடமும் ஸ்டெல்லாவிடமும் சொல்லிவிட்டேன், இதோ ஊர் அறியவும் எழுதிவிட்டேன். உன் அண்ணனுக்கும் உனக்கும் நடுவில் எனக்கு இடம் விட்டிருக்கிறது. வெறும் வெள்ளைத் துணியில் வருவேன். லேஸ் எங்கே மைனி என்று அங்கே எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிடாதே. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடு, போதும்.

உன் அண்ணனைக் கட்டியவள்,
உன் மைனி,
ரெஜினா